பணி ஆணை வந்த பின்பும் சேராதவர்கள்: ஓர் அரசுக் கலைக் கல்லூரி வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வட மாவட்டம் ஒன்றில், பட்டு நெசவையும் நெல்லையும் நம்பி வாழும் ஊரை ஒட்டிய அரசு கலை அறிவியல் கல்லூரியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். 2022 ஜூலையில் வேலைவாய்ப்புப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு கூடுதலாக என்னிடம் வந்தது. அப்போது இறுதியாண்டுக்கு வந்திருந்த இரண்டாம் ஷிப்ட் பி.எஸ்சி. கணினி அறிவியல் வகுப்பைப் பற்றியது இந்தப் பதிவு. மாணவர்களையும் நிறுவனங்களையும் அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

வகுப்பில் 46 பேர். அவர்களில் 27 பேர் பெண்கள். ஏறத்தாழ அனைவரும் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள், தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். இரண்டாம் ஷிப்ட் மதியத்துக்கு மேல்தான் தொடங்கும் என்பதால், காலையில் ஜவுளிக்கடையிலோ செல்போன் கடையிலோ நின்றுவிட்டு வருபவர்களும், முகூர்த்த நாள்களில் பந்தி பரிமாறப் போகிறவர்களும் வகுப்பில் இருந்தார்கள். 2020-இல் சேர்ந்த அணி என்பதால் கொரோனா காலத்தில் முதலாண்டின் பெரும்பகுதியைச் செல்போன் திரையிலேயே படித்து முடித்திருந்தார்கள். 2021 செப்டம்பரில் கல்லூரிகள் திறந்த பிறகுதான் பலர் எங்கள் ஆய்வகத்துக்குள் முதன்முறையாகக் கால் வைத்தார்கள். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினி அவர்களுக்கு முந்தைய அணிகளின் கைகளில் இருந்தது. இவர்களில் வீட்டில் கணினி உள்ளவர்கள் ஐந்து பேர் மட்டுமே.

மாணவர்களை வேலைக்கு ஆயத்தப்படுத்தத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் அந்த ஆண்டுதான் கல்லூரிகளுக்குள் வந்துகொண்டிருந்தது. ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல்லின் பாடங்களைக் கட்டணமின்றிப் பார்க்க முடிந்தது. அவ்வப்போது வெளியிலிருந்து வல்லுநர்கள் வந்து ஊக்கவுரை ஆற்றினார்கள். இவ்வளவுக்கும் பிறகு, வேலை கிடைத்தவர்களே வேலைக்குப் போகாமல் இருந்தார்கள் என்பதை நான் பொறுப்பேற்ற முதல் வாரத்தில்தான் கவனித்தேன்.

முந்தைய ஆண்டின் ஆறு பேர்

எனக்கு முன் இருந்தவர் ஒப்படைத்த பதிவேட்டில், 2021–22 இறுதியாண்டு வகுப்பில் 9 பேர் தேர்வானதாக இருந்தது. துறையின் அறிவிப்புப் பலகையில் அவர்களின் படங்களும் ஒட்டப்பட்டிருந்தன. சேர்ந்த விவரத்தைக் கேட்டபோது மூன்று பேரின் சான்று மட்டுமே இருந்தது. மற்ற ஆறு பேரையும் நானே தொலைபேசியில் அழைத்துப் பேசினேன்.

ஒருவர் தேறாத பாடம் ஒன்று இருந்ததால் சேர முடியவில்லை. ஒருவருக்குத் திருமணம் ஆகிவிட்டது. ஒருவர் சேரும் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததால் பி.எட். சேர்ந்துவிட்டார். இரண்டு பெண்களின் வீட்டில் சென்னைக்கு அனுப்ப மறுத்துவிட்டார்கள். ஆறாவது மாணவர் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. தங்கும் விடுதிக்கு முன்பணமும் முதல் மாத வாடகையும் சேர்த்து 12,000 ரூபாய் கேட்டார்கள், சம்பளமோ மாதக் கடைசியில்தான் வரும், அந்தப் பணம் புரளவில்லை என்றார். அவர் அப்போது ஊரிலேயே ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

நிறுவனத்தின் ஆள்தேர்வில் தோற்றவர் இந்த ஆறு பேரில் ஒருவரும் இல்லை. கல்லூரி தன் கடமை பணி ஆணையோடு முடிந்துவிட்டதாக எண்ணியிருந்தது. அதற்கும் வேலையில் சேரும் நாளுக்கும் இடையிலான தூரத்தை மாணவரும் அவர் வீடும் தனியாகக் கடக்க வேண்டியிருந்தது. புதிய வகுப்புக்கு நாங்கள் வகுத்த திட்டம் இந்த ஆறு தொலைபேசி உரையாடல்களிலிருந்து பிறந்தது.

ஆய்வகத்தில் கண்டவை

ஆகஸ்டில் 46 பேரிடமும் ரெஸ்யூம் கேட்டேன். வந்தவற்றில் பெரும்பாலானவை பேருந்து நிலையத்துக்கு எதிரில் உள்ள ஒரே பிரவுசிங் சென்டரில் அடிக்கப்பட்டவை. குறிக்கோள் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஆங்கில வாக்கியம் எல்லாவற்றிலும் இருந்தது. அந்த வாக்கியத்துக்குப் பொருள் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மாணவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. மூன்றாண்டுகளில் ரெஸ்யூம் எழுத அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

அடுத்து கணக்கையும் தர்க்கத் திறனையும் சோதிக்கும் ஆப்டிட்யூட் தேர்வுகள் இரண்டை ஒரே தரத்தில் நடத்தினோம், ஒன்றைத் தாளிலும் மற்றொன்றைக் கணினியிலும். தாளில் நன்றாக எழுதிய பலர் கணினியில் பாதிக் கேள்விகளைத் தொடவே இல்லை. அருகில் நின்று பார்த்தபோது காரணம் புரிந்தது. வட்டியையும் விகிதத்தையும் மனதிலேயே போடக்கூடிய ஒரு மாணவி, விடையைக் கண்டுபிடித்த பிறகும் மவுஸை மெல்ல நகர்த்தி, சரியான வட்டத்தில்தான் அம்புக்குறி நிற்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்து, பிறகுதான் அழுத்தினார். திரையின் மூலையில் குறைந்துகொண்டே வந்த நேரத்தை நிமிர்ந்து பார்த்துப் பார்த்து அவர் கை நடுங்கத் தொடங்கியது. அவருடைய நோட்டில் பைத்தான் நிரல்கள் முத்து முத்தான கையெழுத்தில் பக்கம் பக்கமாக இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை அவர் ஒருமுறைகூட இயக்கிப் பார்த்ததில்லை.

ஆங்கிலத்தைப் பற்றியும் ஒன்று தெளிவானது. மாதிரி நேர்காணலில் பேசாமல் நின்றவர்களிடம் அதே கேள்வியைத் தமிழில் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டோர் சரியான விடை சொன்னார்கள். அவர்களுக்குப் பாடம் தெரிந்திருந்தது. ஆங்கிலத்தில் தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சம்தான் வாயைக் கட்டியிருந்தது. அதுவரை இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதி அவர்களுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டவர்களில் நானும் ஒருவன்.

எடுத்த முடிவுகள்

முதலாவதாக, அந்தப் பருவத்துக்குத் திட்டமிட்டிருந்த ஊக்கவுரை நிகழ்ச்சிகளை நிறுத்திவைத்தோம். இதில் துறைக்குள் மாற்றுக் கருத்து இருந்தது. பெரிய மனிதர்கள் வந்து பேசினால் மாணவர்களுக்கு ஆசை பிறக்கும் என்று மூத்த சக ஆசிரியர் ஒருவர் வாதிட்டார். ஆசை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, விசைப்பலகைதான் இல்லை என்பது என் நிலை. கல்லூரி முதல்வர் சனிக்கிழமைகளில் ஆய்வகத்தை முழு நாளும் திறந்துவைக்க அனுமதி தந்தார். வார நாள்களில் முதல் ஷிப்ட் மாணவர்கள் பயன்படுத்தாத 12 கணினிகளைக் காலை 10 மணி முதல் 12 மணி வரை இவர்களுக்கு ஒதுக்கினோம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் மாணவிகள் தவறாமல் வந்தார்கள். காலையில் கடைக்குப் போகும் மாணவர்களால் சனிக்கிழமைகூட வர இயலவில்லை. அவர்களுக்காக வேறு நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும், நாங்கள் ஒதுக்கவில்லை.

இரண்டாவதாக, எந்தக் கேள்விக்கும் முதல் விடையைத் தமிழில் சொல்லலாம், அதே விடையை உடனே ஆங்கிலத்தில் நான்கு சிறு வாக்கியங்களில் சொல்ல வேண்டும் என்ற முறையை வகுத்தோம். விடை கையில் இருக்கிறது என்ற தெம்பு வந்த பிறகு மொழி மெல்ல மெல்லப் பின்னால் வரும் என்பது எங்கள் கணிப்பு. டிசம்பருக்குள் பெரும்பாலானோர் தமிழ்ப் படியைத் தாங்களாகவே விட்டுவிட்டார்கள்.

மூன்றாவதாக, பாடத்தை அவர்கள் அறிந்த தொழிலிலிருந்து தொடங்கினோம். வகுப்பில் ஒன்பது பேர் தறி வீட்டுப் பிள்ளைகள். தறியின் மேலே உள்ள ஜக்கார்டு பெட்டியில் அட்டை எப்படி வேலை செய்கிறது என்று அவர்களையே விளக்கச் சொன்னேன். அட்டையில் ஓட்டை உள்ள இடத்தில் கொக்கி பாவு நூலைத் தூக்கும், ஓட்டை இல்லாத இடத்தில் தூக்காது, அட்டைகளைக் கோத்த வரிசைதான் சேலையின் கரையிலும் முந்தியிலும் உருவமாக விழுகிறது. பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-இல் உருவாக்கிய அந்த முறையின் துளையட்டைதான் பின்னர் சார்லஸ் பாபேஜ் வரைந்த, கணினியின் முன்னோடியான பகுப்புப் பொறியின் வரைவிலும், 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் பயன்படுத்திய இயந்திரத்திலும் இடம்பெற்றது. இரும எண், நிபந்தனை, சுழற்சி என்று மூன்றாண்டுகளாகப் பாடமாகக் கேட்டவை தங்கள் வீட்டுத் தறியில் ஓடிக்கொண்டிருப்பதை உணர்ந்த அன்று, அந்த ஒன்பது பேரும் வகுப்பின் முன்வரிசைக்கு வந்து அமர்ந்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பின்வரிசைக்குத் திரும்பவே இல்லை.

நான்காவதாக, 2023 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்களை அழைத்தோம். சென்னை தரமணியில் வேலை செய்யும் முன்னாள் மாணவி ஒருவர் வந்து, தங்கும் விடுதி, உணவு, சம்பளத்தில் பிடித்தம் போகக் கையில் வரும் தொகை, இரவுப் பணி எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். இரவுப் பணியில் பெண்களை அமர்த்த எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும், போக்குவரத்து வசதியை நிறுவனமே செய்து தர வேண்டும் என்பதை நாங்கள் விளக்கினோம். வந்தவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். முடிவெடுக்கும் தந்தையர் பலர் வரவில்லை என்பதை அன்று ஒரு குறையாக நான் கருதவில்லை.

காத்திருந்த மாதங்கள்

வேலைவாய்ப்பு முகாம்களுக்குப் பதிவு செய்தவர்கள் 34 பேர். மற்ற 12 பேருக்கு மேற்படிப்பு, அரசுப் போட்டித் தேர்வு, குடும்பத் தொழில் என்று வேறு விருப்பங்கள் இருந்தன. குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரைச் சில வாரங்கள் நான் வற்புறுத்தி ஆய்வகத்துக்கு அழைத்தேன். அவர் மரியாதைக்காக வந்து அமர்ந்திருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது. அவருடைய படிப்பு நேரத்தை வீணாக்கியதற்காக அவரிடம் வருத்தம் தெரிவித்தேன்.

பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் மூன்று நிறுவனங்களிலிருந்து 15 பேருக்குப் பணி ஆணை வந்தது. ஆண்டுச் சம்பளம் 2 லட்சம் ரூபாயை ஒட்டியது. ஜூலையில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அந்த ஆண்டு தகவல் தொழில்நுட்பத் துறையில் பரவலாகப் புதியவர்களைச் சேர்ப்பது தள்ளிப்போனது. எங்கள் மாணவர்களுக்கும் ஜூலை ஆகஸ்டாகி, ஆகஸ்ட் அக்டோபராகியது.

இந்த மாதங்களை எதிர்கொள்ள எங்களிடம் திட்டம் எதுவும் இல்லை. மே மாதத்தோடு தேர்வு முடிந்து மாணவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வாட்ஸாப் குழுவில் அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்கே விடை தெரியாததால் நான் பல நாள் மௌனமாக இருந்தேன். தேதி தெரியாது என்பதையாவது வாரந்தோறும் சொல்லியிருக்க வேண்டும். மௌனத்தை அவர்கள் வேலை போய்விட்டது என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்டில், பணி ஆணை கையில் வைத்திருந்த ஒரு மாணவரை முகம் தெரியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, வேறொரு பெரிய நிறுவனத்தில் உடனே சேர்த்துவிடுவதாகவும், பாதுகாப்பு வைப்புத்தொகையாக 40,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். நிறுவனத்தின் முத்திரையோடு கடிதமும் வந்திருக்கிறது. மாணவரின் தாய் கம்மலையும் சங்கிலியையும் அடகு வைத்து மூன்று தவணைகளில் பணத்தை அனுப்பினார். ஐந்து நாள்கள் கழித்து, கூச்சத்தோடு, என்னிடம் சொன்னார்கள். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் பதிவு செய்தோம். ஏமாந்த சில மணி நேரத்துக்குள் புகார் செய்தால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். ஐந்து நாள்களில் அந்தப் பணம் பல கணக்குகளைக் கடந்துவிட்டது. அது திரும்பி வரவில்லை. வேலைக்குப் பணம் கேட்பவர் எவரும் மோசடிக்காரர் என்று ஒரே ஒரு வாக்கியத்தை மே மாதத்தில் வகுப்பில் சொல்லியிருந்தால் போதும். அதை நான் சொல்லவில்லை.

ஒரு தறி வீடு

அக்டோபர் இறுதியில் சேரும் கடிதங்கள் வரத் தொடங்கின. பத்து நாள்களில் சென்னையில் இருக்க வேண்டும். இரண்டே நாள்களில், நோட்டில் நிரல் எழுதிய அதே மாணவி அழைத்து, "அப்பா அனுப்ப மாட்டேங்கறாரு சார்" என்றார். ஜனவரிக் கூட்டத்துக்கு அவருடைய தாய் மட்டும் வந்திருந்தார். பணி ஆணை வந்தபோது தந்தை எதுவும் சொல்லாமல் இருந்ததைச் சம்மதம் என்று நாங்கள் அனைவரும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

சக பேராசிரியை ஒருவருடன் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். குழித்தறி போட்ட கூடத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக முடியும். அவர் தறியிலிருந்து எழவில்லை, ஆனால் ஊடை நூலை ஓட்டும் நாடாவை நிறுத்திவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். சம்பளத்தையும் பாதுகாப்பையும் நாங்கள் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பொண்ண அவ்ளோ தூரம் அனுப்பிட்டு, அது என்ன வேலை பாக்குதுன்னே எனக்குத் தெரியலன்னா, கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது சார்?" என்றார்.

இந்தக் கேள்விக்கு எங்களிடம் ஆயத்தமான பதில் இல்லை. சென்னையையோ இரவுப் பணியையோதான் அவர் எதிர்க்கிறார் என்று எண்ணிப் போயிருந்தோம். பதிலை மாணவியே சொன்னார். மேலே தொங்கிய அட்டைச் சரத்தைக் காட்டி, "ஓட்டை இருந்தா நூல் மேல போவும், இல்லன்னா போவாது இல்லப்பா? கம்ப்யூட்டருக்கும் அப்படி அட்டை இருக்குது. அதுல எங்கியாவது தப்பு இருந்தா டிசைன் கெட்டுப்போவும். எந்த அட்டையில தப்புன்னு கண்டுபிடிக்கறதுதான் எனக்குக் குடுத்திருக்கிற வேலை" என்றார். அவர் சேரவிருந்தது மென்பொருள் சோதனைப் பிரிவு. நான் அறிந்தவரை அந்தப் பணிக்கு இதைவிடச் சரியான விளக்கம் இல்லை.

தந்தை அட்டைகளை நிமிர்ந்து பார்த்தார். ஒரு அட்டை மாறிக் கோத்ததால் பாதிச் சேலையைப் பிரிக்க நேர்ந்த கதையைச் சொன்னார். அன்று அவர் சம்மதம் என்று எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, விடுதியை நேரில் பார்க்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று அவரே தொலைபேசியில் கேட்டார். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் உதவித்தொகைத் திட்டத்தில் மாதந்தோறும் வந்த 1,000 ரூபாயை மாணவி சேமித்து வைத்திருந்ததால் விடுதி முன்பணத்துக்கு அவர்கள் யாரிடமும் கை நீட்டவில்லை.

விளைவு

15 பேரில் 11 பேர் நவம்பருக்குள் சேர்ந்தார்கள். சேராத நால்வரில் ஒருவர் எம்.சி.ஏ. படிக்க முடிவு செய்தார், ஒருவருக்குத் திருமணம் நிச்சயமானது. மற்ற இரண்டும் எங்கள் தவறுகள். ஒரு மாணவருக்குத் துணைப் பாடக் கணிதத்தில் ஓர் அரியர் இருந்தது. மதிப்பெண் பட்டியலைப் பார்க்காமலே அவரை முகாமுக்கு அனுப்பியிருந்தேன். சான்றிதழ் சரிபார்ப்பில் அவருடைய ஆணை ரத்தானது. இன்னொருவர், முந்தைய ஆண்டின் ஆறாவது மாணவரைப் போலவே, முன்பணம் இல்லாமல் நின்றுவிட்டார். அந்தக் காரணத்தை 2022 ஜூலையிலேயே அறிந்திருந்தும், அதற்கென நிதி திரட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் தள்ளிப்போட்டிருந்தேன். இந்த வகுப்பைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது அவர் முகம்தான்.

ஓராண்டு கழித்து, 2024 நவம்பரில் விசாரித்தபோது 9 பேர் பணியில் தொடர்ந்தார்கள். விலகிய இருவரில் ஒருவர் வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தார். மற்றவர் உடல்நலக் காரணமாக ஊர் திரும்பியிருந்தார். பணத்தை இழந்த மாணவர் தன் முதல் ஆணையின்படியே சேர்ந்து, அடகு நகையைச் சம்பளத்திலிருந்து மீட்டுவிட்டார்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

2024 ஜனவரியில் ஆசிரியர்களும் வேலையில் உள்ள முன்னாள் மாணவர்களும் சேர்ந்து வட்டியில்லாத சுழல் நிதி ஒன்றைத் தொடங்கினோம். சேரும் கடிதத்தைக் காட்டினால் 10,000 ரூபாய், ஐந்து மாதத் தவணையில் திருப்பிச் செலுத்தலாம், ஜாமீன் தேவையில்லை. திரும்பி வராமல் போகும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். முதல் நால்வரும் முழுமையாகச் செலுத்திவிட்டார்கள்.

அரியர் விவரத்தை இப்போது ஐந்தாம் பருவத் தொடக்கத்திலேயே சரிபார்க்கிறோம். பெற்றோர் கூட்டத்துக்குத் தந்தையர் வராவிட்டால் நாங்கள் வீட்டுக்குப் போகிறோம். மாலையில் தறி நிற்கும் நேரம் பார்த்துப் போவது நல்லது. என்ன வேலை என்பதை வீட்டில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு மாணவருடையது. நாங்கள் உடன் இருக்கிறோம், அவ்வளவுதான். ஆணைக்கும் சேரும் நாளுக்கும் இடையிலான காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் குழுவில் ஒரு செய்தி இடுகிறேன், சொல்ல ஒன்றும் இல்லாத வாரங்களிலும்.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. காலையில் கடைக்குப் போகும் மாணவர்களை இன்னும் எங்களால் ஆய்வகத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. ஒரு நாள் கூலியை இழந்து அவர்கள் வர வேண்டும் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஞாயிறு பிற்பகலில் ஆய்வகத்தைத் திறக்கக் காவலர் பணி நேரத்தை மாற்றக் கோரி முதல்வருக்கு எழுதியிருக்கிறோம். விழுப்புரம் மாவட்டத்தில் 2024 பிப்ரவரியில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான மினி டைடல் பூங்கா திறக்கப்பட்ட பிறகு, போய்வரும் தூரத்தில் வேலை கிடைக்குமா என்று பெற்றோர்களே கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அங்குள்ள நிறுவனங்களின் பட்டியலைத் திரட்டும் பணியை இப்போதைய இறுதியாண்டு மாணவர்கள் மூவரிடம் ஒப்படைத்திருக்கிறேன்.